ஊசியிலிருந்து மாத்திரைக்கு: வார்டு நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

வயிற்றில் அறுவை முடிந்தவருக்கு ‘மூன்றாம் நாள் ஆயிற்று, வலி மருந்தை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்று’ என்று எழுதினால் போதாது. வாந்தி நின்றிருக்க வேண்டும். குடித்த கஞ்சி தங்க வேண்டும். வயிறு உப்பியிருக்கக் கூடாது. மருந்து உடலில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலில்தான். குடல் அசையாமல் கிடந்தால் மாத்திரைகள் இரைப்பையிலேயே தேங்கி, பிறகு மொத்தமாக இறங்கும். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினில் இது பெரிய ஆபத்து.

ஜூன் 10, செவ்வாய்

பாராசிட்டமாலில் அளவு மாறுவதில்லை: டிரிப்பில் 1 கிராம் என்றால் வாய்வழியும் 1 கிராம். எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 15 மி.கி. மாறுவது நேரம். டிரிப் 15 நிமிடத்தில் ஏறிவிடும். மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பகல் 12 மணிக்கு டிரிப் போட்டவருக்கு மாத்திரையை மாலை 6 வரை தள்ளாமல் 5 மணிக்கே கொடுத்துவிடலாம். இடையில் 4 மணி நேரம் இருந்தால் சரி. டிரெஸ்ஸிங்குக்கும் நடக்க வைப்பதற்கும் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கடினம்.

ஜூன் 12, வியாழன்

மார்ஃபின். கேஸ் ஷீட்டில் எழுதிய டோஸை விட்டுவிட்டு, கடைசி 24 மணி நேரத்தில் உண்மையில் உள்ளே போனதைக் கூட்டுங்கள். பம்ப் (ஊசி மருந்தைத் தொடர்ந்தும், நோயாளி பட்டனை அழுத்தும்போதும் செலுத்தும் கருவி) 20 மி.கி. காட்டினால் வாய்வழி அதன் மூன்று மடங்கு, 60 மி.கி. குடலிலிருந்து கல்லீரல் வழியாக வரும்போதே பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பெருக்கல். ஆறாகப் பிரித்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. சாதா மாத்திரை. வலி குறைந்துகொண்டே வருகிறவருக்கும் வயதானவருக்கும் இதைவிடக் குறைத்துத் தொடங்குவதே நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினே வேண்டாம். சிதைந்த பொருள் தேங்கித் தூக்கத்தில் தள்ளும்.

இடையில் வலித்தால் 5 மி.கி., அதாவது அரை மாத்திரை. முதல் மாத்திரை கொடுத்ததும் பம்ப்பின் தொடர் ஓட்டத்தை நிறுத்தி, பட்டனை மட்டும் ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாம். மலமிளக்கி அன்றிரவே தொடங்க வேண்டும். மூச்சை எண்ணுவதோடு, கூப்பிட்டதும் கண் திறக்கிறாரா என்றும் பாருங்கள். மார்ஃபின் அளவு மிஞ்சினால் மயக்கம்தான் முதலில் தெரியும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது திரும்பும் வழி. வாந்தி வந்து மறுபடி ஊசிக்குப் போகும்போது, மாத்திரையின் 10 மி.கி.யை அப்படியே ஊசியில் எழுதினால் மூன்று மடங்கு ஏறிவிடும். சரியான கணக்கு ஏறக்குறைய 3 மி.கி.

ஜூன் 15, ஞாயிறு

கட்டிலோரத்து லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு மருந்து எழுதுங்கள். டிராமடால் என்ற வலி மருந்தோடு 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரை மூன்று வேளை, வீட்டிலிருந்து வந்த 650 மி.கி. பாராசிட்டமால் அட்டையில் மூன்று, நிறுத்த மறந்த 1 கிராம் டிரிப் மூன்று: பாராசிட்டமாலை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 5.9 கிராம். பெரியவருக்கே உச்ச வரம்பு நாளுக்கு 4 கிராம்தான். மாத்திரை எழுதும் அதே பேனாவால் ஊசி வரியை அடித்துவிட வேண்டும்.

கீட்டோரோலாக் என்ற வலி மருந்தை, ஊசி போட்ட நாட்களும் சேர்த்தே, மொத்தம் 5 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. மாத்திரைக்கு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. அதோடு அதே வகை வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கும் சேரக் கூடாது.