இனாரி ஏரியும் என் தம்ளரும்

ஹெல்சின்கியில் பழைய பொருட்கள் விற்கும் சந்தை ஒன்றில் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கினேன். அன்று முதல் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். உட்புறம் வழுவழுப்பு. வெளிப்புறமோ மேடும் பள்ளமுமாக, நீர் வழிய வழிய உறைந்துபோனது போலிருக்கும். அடியில் மூன்று குட்டிக் கால்கள், சொட்டப்போன துளிகள் அப்படியே நின்றுவிட்டதைப் போல.

பின்லாந்து வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்காலா 1968இல் இட்டாலா என்ற கண்ணாடி நிறுவனத்துக்காக வடிவமைத்த 'உல்டிமா துலே' என்னும் கண்ணாடிப் பாத்திர வரிசையைச் சேர்ந்தது இது. இந்த மேடுபள்ளங்களைக் கிராஃபைட் அச்சில் அவர் தம் கையாலேயே செதுக்கினார். அச்சில் குழி விழுந்த இடமெல்லாம் கண்ணாடியில் மேடாக எழும்; அதாவது, எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துச் செதுக்க வேண்டும்.

இதைப் 'பனிக்கட்டிபோல் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதில் இருப்பது உருகும் பனிக்கட்டி. அந்த வேறுபாடு, பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் வருடக்கணக்கில் தங்கிப் பார்த்தவருக்குத்தான் பிடிபடும். விர்க்காலாவுக்கும் அவர் மனைவி, பீங்கான் கலைஞர் ரூட் பிரூக்குக்கும் அங்கே இனாரிப் பகுதியில் ஒரு வீடு இருந்தது. 1960இல் விர்க்காலா செய்த 'பாதாரின் பனிக்கட்டி' என்ற கண்ணாடிப் படைப்பின் பெயரிலேயே அங்குள்ள பாதார் ஏரி இருக்கிறது.

போன மே மாதக் கடைசியில் நானும் இனாரிக்குப் போனேன். தம்ளரைக் கம்பளிக் காலுறைக்குள் பொதிந்து எடுத்துச் சென்றிருந்தேன். டிசம்பரில் வாரக்கணக்கில் சூரியன் எழாத அந்த ஊரில் அப்போது இரவு பதினொரு மணிக்கும் வெயில். அதுவும் உச்சியிலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில், ஏரியின்மேல் தவழ்ந்து வருகிறது. கரையோரப் பனிக்கட்டி செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து கிடந்தது. காற்று தள்ளும்போதெல்லாம் ஊசிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. கண்ணை மூடிக் கேட்டால் கண்ணாடி வளையல் சத்தம்.

தம்ளரைப் பனிக்கட்டியின்மேல் வைத்தேன். சாய்ந்த வெளிச்சம் பட்டதும் இரண்டிலும் ஒரே விதமான வரிகள் மின்னின. சென்னையின் உச்சி வெயிலில் இந்தக் கண்ணாடி பாதி ஊமையாகிவிடும் என்று அப்போது தோன்றியது. வடக்கின் தாழ்ந்த வெயிலை எதிர்பார்த்தே விர்க்காலா செதுக்கியிருக்கிறார்.

நாலைந்து ஊசிகளைப் பொறுக்கித் தம்ளரில் போட்டுவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவை கரைய வெகுநேரம் ஆயிற்று. கரைந்ததும் குடித்தேன்.