இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ்

ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்!" என்று கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. டாலஸுக்கு வடக்கே, ஒரு மாட்டுப் பண்ணையை ஒட்டிய திறந்தவெளித் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். மாதாமாதம் நடக்கும் பிஸ்டல் போட்டி. அடித்த காற்றில் ஓர் அட்டை இலக்கு சாய்ந்துவிட்டது. "ஸ்டாப்" என்ற சொல் வந்தால் கையும் காலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நானோ மேலும் மூன்று ரவுண்டு சுட்டேன். அவர் தொண்டை கிழிய இரண்டாம் முறை கத்தியபோதுதான் உறைத்தது.

இலக்கு விழுந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்பதால் மறுபடி சுட வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காதைக் காப்பாற்றிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் குரல் கேட்காத ஆளை நான் சுடும் கோட்டில் நிற்கவைக்க முடியாது" என்றார். எழுபதை நெருங்கும் மனிதர். இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். அவருடைய இளவயதில் காதில் பஞ்சுகூட வைத்ததில்லையாம்.

அன்று நான் காதுக்குள்ளே ஃபோம் பிளக், அதற்கு மேல் காதையே மூடும் மஃப் என்று இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆறு மாதம் முன்பு ஓர் இண்டோர் ரேஞ்ச். வேலை முடிந்து அவசரமாகப் போய், ஃபோமைச் சரியாக உருட்டாமல் ஏனோதானோவென்று செருகிக்கொண்டேன். பக்கத்துத் தடுப்பில் ஒருவர் குட்டைக் குழல் ரைஃபிளோடு வந்தார். குழல் நுனியில் பிரேக் வேறு. அந்தப் பிரேக் துப்பாக்கியின் உதைப்பைக் குறைக்கும், சத்தத்தை மட்டும் பக்கவாட்டில் நிற்பவனுக்கு அனுப்பிவைக்கும். ஒரே ஒரு வெடி. இடது காதில் "கொய்ங்" என்று ஆரம்பித்தது, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பெரும்பாலும் அடங்கியது. பெரும்பாலும்தான். இன்றும் வீடு அடங்கிய ராத்திரியில் மெல்லிய கம்பி மாதிரி அது அங்கேதான் இருக்கிறது.

காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் ஆடியாலஜிஸ்ட். வரைபடத்தில் கோடு 3000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் போய், 4000-இல் பள்ளத்தில் இறங்கி, 8000-இல் மறுபடி ஏறியது. சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அந்தப் பள்ளம். இடது பக்கம் இன்னும் ஆழம். அதைப் பார்த்ததும் அவர், "வலது கைக்காரரா? ரைஃபிளும் சுடுவீர்களா?" என்றார். ஜோசியம் பார்த்த மாதிரி இருந்தது. வலது தோளில் ரைஃபிளை வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால், வலது காது தலையின் நிழலில் ஒதுங்கிவிடும். இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும்.

சின்ன வயதில் பெரிய சத்தம் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். நான் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கக் கூடாது என்று 1999-இல் இந்தியாவில் விதி வந்தது. நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே, 4 அடியில் நின்றுகொண்டு, தகர டப்பாவுக்குள் லட்சுமி வெடியை வைத்தவர்கள்.

உள்காதில் இருக்கும் மயிர்க்கால் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பயத்தில்தான் இரட்டைப் பூட்டு. பிறகு அந்த "ஸ்டாப்".

ஆக, சத்தம் வெளியே நிற்க வேண்டும், பேச்சு உள்ளே வர வேண்டும். இதற்குத்தான் எலக்ட்ரானிக் வகை. வெளியே ஒரு மைக், உள்ளே குட்டி ஸ்பீக்கர். பேச்சை அப்படியே எடுத்துக் கொடுக்கும். வெடிச்சத்தம் வந்தால் ஸ்பீக்கர் அதை அமுக்கிவிடும்.

முதலில் வாங்கியது எலக்ட்ரானிக் மஃப். விலை மலிவு, நிறையப் பேர் போடுவது. எனக்கு மூன்று வகையில் ஒத்துவரவில்லை. ஒன்று, மூக்குக் கண்ணாடி. அதன் காம்பு மஃபின் மெத்தையைத் தூக்கிவிட, அந்த இடுக்கு வழியே சத்தம் தாராளமாக உள்ளே வரும். இரண்டு, ரைஃபிளில் கன்னத்தைப் பதித்தால் கட்டை மஃபை இடித்துத் தள்ளும். மூன்று, டெக்சஸின் ஆகஸ்ட் வெயில். அதைப் பற்றி மேலே எழுத வேண்டியதில்லை. அதனால்தான் காதுக்குள்ளேயே வைக்கும் வகையைத் தேட ஆரம்பித்தேன்.

"அதான் ஏர்பாட்ஸ் வச்சிருக்கீங்களே, அதையே மாட்டிக்கிட்டுப் போங்க, இன்னும் எத்தன வாங்குவீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். தேடிப் பார்த்தால் ஆப்பிளே தெளிவாக எழுதியிருக்கிறது: துப்பாக்கி, பட்டாசு மாதிரியான திடீர்ப் பெரும் சத்தத்துக்கு அது பாதுகாப்பு இல்லை. காட்டினேன். "ஓகோ" என்றாள். அந்த "ஓகோ"வில் அனுமதியும் இருந்தது, கணக்கும் இருந்தது.

பெட்டிகளில் போட்டிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்லும் என்ஆர்ஆர் என்ற எண் அமெரிக்காவில் கட்டாயம். பிளக்குகளில் அதிகபட்சம் 33 வரை பார்க்கலாம். காதுக்குள் வைக்கும் எலக்ட்ரானிக் வகையில் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். உதாரணத்துக்கு, நான் பார்த்தவற்றில் பெல்ட்டர் டிஇபி-200 என்ற மாடலுக்கு 23. ஐரோப்பாவில் அதற்குப் பதிலாகப் போடும் எஸ்என்ஆர் வேறு கணக்கு. ஒரே பொருளுக்கு அது சில டெசிபல் கூடுதலாகவே வரும். இணையத்தில் விற்கும் சில மலிவுச் சரக்கில் எஸ்என்ஆரைப் பெரிதாகப் போட்டு என்ஆர்ஆரை விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலதில் எந்த அளவுகோல் என்றே இல்லாமல் "30 டெசிபல்" என்று மட்டும் இருக்கும். அவற்றை அப்போதே ஒதுக்கினேன்.

9 எம்எம் பிஸ்டல் கிட்டத்தட்ட 160 டெசிபல். திடீர்ச் சத்தம் 140-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலிட விதி. அப்படியானால் 23 போதுமே, 137 தானே என்று நானும் கழித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தேன். ஆடியாலஜிஸ்ட் சிரித்தார். அந்த 23, ஆய்வுக்கூடத்தில், சரியாக மாட்டிவிடப்பட்ட காதுகளில், துப்பாக்கியே இல்லாமல் வெறும் இரைச்சலை வைத்து எடுத்தது. அவசரத்தில் தானே மாட்டிக்கொள்ளும் ஆளுக்கு அதில் பாதி தேறினால் அதிர்ஷ்டம். வெடிச்சத்தத்துக்கென்றே 132, 150, 168 டெசிபலில் செய்யும் தனிச் சோதனை ஒன்று இருக்கிறது. அந்த முடிவை வெளியிட்டிருக்கும் கம்பெனி என்றால் நம்பிப் பார்க்கலாம் என்றார். என் பட்டியல் பாதியாகக் குறைந்தது.

அப்படியும் முதல் செட் ஏமாற்றியது. இருநூறு டாலருக்கு மேல் கொடுத்தது. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது அல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. வலது காதில் அருமை. இடது காதில் ஒவ்வொரு குண்டுக்கும் சுருக்கென்று குத்தியது. இடது பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கோளாறு என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பி, மாற்று வாங்கினேன். அதுவும் அதே மாதிரி. அடுத்த நாள் ரேஞ்சில் நாகர்கோவில் அண்ணனிடம் புலம்பினேன். என்னைவிடப் பத்து வருடம் முன்பே இங்கே வந்து சுட ஆரம்பித்தவர்.

"மக்கா, மிஷினுக்குத் துட்டு போட்ட, சரி. ரப்பர் காத அடைக்கா இல்லியான்னு பாத்தியாடே?"

பார்க்கவில்லை. பெட்டியில் மூன்று சைஸ் டிப், அதாவது காதுக்குள் போகும் ரப்பர் முனை, இருந்தது. நடு சைஸ் ஏற்கெனவே மாட்டியிருந்தது. ரெடிமேட் சட்டை எப்போதும் எம் சைஸ் எடுப்பவன் நான், அப்படியே விட்டுவிட்டேன். அண்ணன் அங்கேயே ஒரு சோதனை செய்யவைத்தார். மாட்டிக்கொண்டு, சுவிட்சைப் போடாமல், இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்தித் திற. பொத்தும்போது வெளிச்சத்தம் இன்னும் குறைந்தால் அடைப்பு சரியில்லை. வலது பக்கம் ஒரு மாற்றமும் இல்லை. இடது பக்கம் பொத்தியதும் பக்கத்து மேசைப் பேச்சு சட்டென்று மங்கியது. அடுத்து, வாயை மூடி "ம்ம்ம்" என்று இழு. அடைத்த காதில் உன் குரல் குடத்துக்குள் பேசுவது போல அதிரும். இடது காதில் குடமும் இல்லை, அதிர்வும் இல்லை.

இடது காதுக் குழாய் குறுகல். நடு சைஸ் ரப்பர் உள்ளே மடிந்து, மடிப்பு வழியே ஓட்டை. சின்ன சைஸ் போட்டதும் குத்தல் நின்றது. எலக்ட்ரானிக்ஸ் எதையும் தடுப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. தடுப்பது அந்தக் கால் டாலர் ரப்பர். மைக்கும் ஸ்பீக்கரும் ரப்பர் வெளியே நிறுத்திய பேச்சைத் திருப்பி உள்ளே கொண்டுவருகின்றன, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவத்தினர் லட்சக்கணக்கில் வழக்குப் போட்ட பிளக் கதையும் இதேதான். அது எலக்ட்ரானிக்ஸே இல்லாதது. குட்டையாக இருந்ததால் காதில் சரியாக உட்காராமல் நழுவியது என்பதுதான் குற்றச்சாட்டு. தப்பை ஒப்புக்கொள்ளாமலே, அதை விற்ற 3எம் நிறுவனம் 2023-இல் 600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

சரி, அடைப்பு ஆயிற்று. ஆனாலும் அந்த செட்டை வைத்துக்கொள்ளவில்லை. அது ஒவ்வொரு வெடிக்கும் எல்லாச் சத்தத்தையும் கொஞ்ச நேரம் வெட்டிவிடும் வகை. நான் சுடும்போது பரவாயில்லை. அடுத்தவர் சுட, ஆபீசர் எங்களிடம் ஏதாவது சொன்னால் "நீ... அப்புறம்... பக்கம்" என்று துண்டு துண்டாக வரும், பழைய எஸ்டிடி போன் மாதிரி. அடுத்து வாங்கியது வெட்டாமல் அமுக்கும் வகை. வெடி ஒரு தட்டல் மாதிரி கேட்கும், பேச்சு அறுபடாது. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருக்காது. காற்று அடித்தால் மைக்கில் "புஸ்ஸ்" என்று இரையும் தொல்லை இரண்டிலும் உண்டு.

பேட்டரி ஒருமுறை போட்டி நடுவில் தீர்ந்துபோனது. ஒன்றும் ஆகவில்லை, சாதா பிளக் ஆகிவிட்டது. காது பத்திரம், ஆனால் ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இடது காதுச் சின்ன டிப்பும் வாயை அசைத்துப் பேசினால் மெல்ல நெகிழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அச்சு எடுத்து டிப் செய்துகொள்ளலாம் என்று அதே ஆடியாலஜிஸ்டிடம் போனேன். விளக்கடித்துப் பார்த்து, குறும்பியை எடுத்து, நூல் கட்டிய சின்ன ஃபோம் துண்டை இரண்டாவது வளைவுக்கு அப்பால் தள்ளினார். செவிப்பறைக்குக் காவல். பிறகு ஊதா நிறத்தில் பிசைந்த சிலிகானை ஊசிக்குழாயால் நிரப்பினார். சில்லென்று மாவு இறங்குவது மாதிரி. உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. வாயில் ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்தார். வாய் திறந்திருக்கும்போது குழாயின் வடிவம் மாறும், அதையும் சேர்த்துப் பிடிக்கத்தான். ஐந்து நிமிடம், வாயோரம் எச்சில் வழிய, காதில் நூல் தொங்க உட்கார்ந்திருந்தேன். உருவி எடுத்தபோது வலது அச்சு நேராக, விரல் நுனி போல இருந்தது. இடது அச்சு இஞ்சித் துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. எந்தப் பெட்டியில் வரும் எம் சைஸ் இதற்குப் பொருந்தும்?

இண்டோரில் ரைஃபிள் என்றால் இப்போதும் மேலே ஒரு மஃப் போடுகிறேன். இரண்டு எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். பெரிய எண்ணோடு ஐந்து டெசிபல் போல்தான் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் சத்தம் எலும்பு வழியாகவே உள்ளே வந்துவிடும். ஊரில் ரைஃபிள் கிளப்பில் சுடும் சித்தி மகன் தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னான். அவன் போவது ஐஎஸ்எஸ்எஃப் என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டிகளுக்கு. ஒலியை வாங்கிக் கொடுக்கும் கருவியைக் காதில் வைத்துக்கொள்ள அங்கே போட்டியாளருக்கு அனுமதி இல்லை. நல்ல ஃபோம் பிளக் ஒரு பெட்டி வாங்கிப் போனேன். உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து, செருகி, உப்பும் வரை விரலை எடுக்காமல் அரை நிமிடம் பிடிக்க வேண்டும் என்று வீடியோ காலில் நாலு முறை காட்டினேன்.

அச்சு டிப்புகளில் வலது சிவப்பு, இடது நீலம். போன வாரம் நீலம் காணாமல் போய், ஜீன்ஸ் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் சுற்றிவிட்டு வந்தது. கருவி அதன் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு நீலத்தைப் பற்றித்தான் பதற்றம். துடைத்து, மாட்டி, சமையலறையில் நின்றபடியே கண்ணை மூடி "ம்ம்ம்" என்று இழுத்தேன். குடம் அதிர்ந்தது.

"என்ன, சாமி வந்திருச்சா?" என்றாள் மனைவி. சுவிட்சைப் போடவில்லை, அதனால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.