புள்ளிகளில் பிறந்த பூதங்கள்

ஸ்விட்சர்லாந்து போய்வந்தேன் என்றால் நம்மூரில் முதல் கேள்வி, யுங்ஃப்ராவ் ஏறினாயா, டிட்லிஸ் பார்த்தாயா என்பதுதான். இரண்டும் இல்லை. நான் தேடிப் போனது ஒரு பழைய சிறைச்சாலையையும் ஒரு குன்றின்மேல் இருக்கும் குட்டிக் கோட்டையையும். இரண்டுக்குள்ளும் இருப்பது ராக்கெட்டுகள், பேய்கள், பெயரில்லாத ஜந்துக்கள். கூட வந்த தங்கை இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைப்பவன் நான். என் தொழிலுக்கு விதை போட்டது இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. எனக்குக் கிடைத்ததெல்லாம் அட்டை போன பழைய பிரதிகள். அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மட்டமான தாளில், மை ஊறிப்போன அச்சிலும் அந்த இருட்டுக்கு ஒரு கனம் இருந்தது. யார் இப்படி இருட்டைப் போடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பின்னோக்கிப் போகப் போக, 1920களின், 30களின் அமெரிக்க மலிவு இதழ்களில் போய் நின்றேன். ஸ்கேன் செய்த படங்களாகக் கணினியில் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் தாளைப் பார்த்ததில்லை. தாளைப் பார்க்காமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவது வீண் என்று இப்போது சொல்வேன்.

லோசானிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான், இவெர்தோன் வந்துவிடுகிறது. நெஷாத்தெல் ஏரியின் தென்முனையில் இருக்கும் அமைதியான ஊர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே பெஸ்டலோஸி சதுக்கத்துக்குப் போய்விடலாம். ஒரு பக்கம் நான்கு உருண்டைக் கோபுரங்களோடு கோட்டை. கல்வியாளர் பெஸ்டலோஸி 1805 முதல் 1825 வரை பள்ளி நடத்தியது அதற்குள்தான். எதிரே முன்னாள் சிறை. அதுதான் மெஸோன் தயேர், அறிவியல் புனைவுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகம்.

இது அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. பியர் வெர்ஸான் என்ற ஒரு மனிதரின் பித்து. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். கற்பனைப் பயணங்கள், கனவு தேசங்கள், விண்வெளிக் கதைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1972-ல் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கலைக்களஞ்சியமே எழுதி வெளியிட்டார். பிறகு தன் சேகரிப்பை இந்த ஊருக்கே கொடுத்துவிட்டார். 1976-ல் அருங்காட்சியகம் பிறந்தது. 1991-ல் இந்தச் சிறைக் கட்டடத்துக்குக் குடிவந்தது. அந்த முகாமைக் கண்டவர் வேற்றுலகங்களைச் சேகரித்ததும், அவை கடைசியில் ஒரு சிறைக்குள் வந்து தங்கியதும் என்னை என்னவோ செய்தது.

அறிவியல் சாகசக் கதைகள் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஜூல் வெர்னுக்கென்று தனிப் பகுதி 2008-ல் திறந்திருக்கிறார்கள். அவர் நூல்களை வெளியிட்ட எட்ஸெல் பதிப்பகத்தின் சிவப்பும் தங்கமுமான அட்டைகளைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். நான் அட்டையைவிட உள்ளே இருக்கும் படங்களின் அடிமூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துப் படம் மரச்செதுக்கு. ஓவியர் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் கடினமான மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் கோடு கோடாகச் செதுக்குவார். ஆகவே பல படங்களில் இரண்டு கையெழுத்து. ஒரு மூலையில் ஓவியர் ரியூ அல்லது தெ நூவில், மறு மூலையில் செதுக்கிய இல்திபிராண். வெர்ன் கதையில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிய ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும் படத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீரின் ஆழம் ஓவியருடையதா, செதுக்கியவருடையதா? என் ஓட்டு செதுக்கியவருக்கு. இன்றைக்கு யாருக்கும் அவர் பெயர் தெரியாது என்பது வேறு விஷயம்.

அமெரிக்க இதழ்கள் வெர்னுக்கு எவ்வளவு கடன்பட்டவை என்பது அங்கே நிற்கும்போது புரிந்தது. லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்கா போன ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற அறிவியல் கதை இதழைத் தொடங்கினார். முதல் இதழில் வெர்ன் கதை உண்டு. அட்டைப்படமும் அதற்குத்தான்: வானத்தை அடைத்துக்கொண்டு வளையத்தோடு சனி, கீழே பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள், பனிமேட்டின் மேல் ஏறி நிற்கும் பாய்மரக் கப்பல்கள். இதழின் முகப்புச் சின்னமே அமியான் நகரத்துக் கல்லறையிலிருந்து வெர்ன் எழுந்து வரும் காட்சி!

அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால், ஆஸ்திரியாக்காரர். கட்டடக்கலை வரைபடம் பயின்றவர். அது படத்திலேயே தெரியும். அவருடைய மனிதர்கள் கொலு பொம்மை மாதிரி விறைப்பாக நிற்பார்கள். ஆனால் இயந்திரத்தை வரையச் சொன்னால் ஒவ்வொரு திருகாணியும் எங்கே முடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டிவிடுவார். 1927 ஆகஸ்ட் இதழின் செவ்வாய் கிரகவாசிகளின் மூன்றுகால் இயந்திரத்தைப் பார்த்தால், அதைக் கழற்றி மறுபடி மாட்டலாம் போலிருக்கும். முகம் வரையத் தெரியாதவர் என்று அவரைக் கேலி செய்பவர்கள் உண்டு. முகம் வரையத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், போகட்டும்.

எனக்கு உயிர் வர்ஜில் ஃபின்லே. நியூயார்க் மாநிலத்துக்காரர். 1914-ல் பிறந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' என்ற பேய்க்கதை இதழில் 1935 டிசம்பரில் அறிமுகமானபோது வயது இருபத்தொன்று. பேனாவின் நுனி தாளைத் தொடாமல், நுனியில் தொங்கும் மை மட்டும் தொடும்படி ஒரு புள்ளி. பேனாவைத் துடைத்து, மறுபடி மையில் தோய்த்து அடுத்த புள்ளி. இப்படி ஒரு பெண்ணின் தோள், அவளைச் சுற்றிப் புகை, புகைக்குள் ஒரு கண். இன்னொரு வழியும் வைத்திருந்தார்: வெள்ளைக் களிமண் பூசிய அட்டையில் கறுப்பு மை அடித்து, கத்தியால் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுப்பது. அவர் முதலில் படம் அனுப்பியபோது, இவ்வளவு நுணுக்கம் நம் தாளில் விழுமா என்று ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்குச் சந்தேகம். சோதனைக்கு அச்சடித்துப் பார்த்த பிறகே எடுத்துக்கொண்டார். எழுத்தாளர் லவ்கிராஃப்ட் மயங்கிப்போய், ஃபின்லேயின் ஒரு படத்துக்குக் கவிதையே எழுதினார்.

மரக்கூழில் செய்த அந்த மட்டத் தாள், உள்ளே இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளாலும் அமிலத்தாலும் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. மை கசிந்த இடத்தில் புள்ளிகள் லேசாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. என் கணினியில் பளீரென்று இருக்கும் அதே பாணி, இங்கே வெல்வெட் போல மெத்தென்று இருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: தாள் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் புள்ளிகளுக்கு இடைவெளி விட்டிருக்க வேண்டும். பளபளப்புத் தாளில் மறுபதிப்புப் போடுகிறவர்கள் மரியாதை செய்வதாக நினைத்துப் படத்தைக் கெடுக்கிறார்கள் என்பது என் கட்சி. தங்கை அதற்குள் கோட்டை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது காபியை முடித்திருந்தாள்.

அதே இதழுக்கு அட்டை போட்ட மார்கரெட் பிரண்டேஜைச் சொல்லாமல் விட முடியாது. 1930களில் பேய்க்கதை அட்டையில் ஒரு பெண் ஓவியர், அதுவும் உலர்ந்த பாஸ்டல் குச்சியில். விரல் பட்டால் கலைந்துவிடும். 1938-ல் இதழ் சிகாகோவை விட்டு நியூயார்க் போனதும், அந்தப் படங்களைக் குலையாமல் அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் க்ருயேர், அந்தக் குன்றுக் கோட்டை இருக்கும் ஊர். பயேர்ன் வழியாக ஃப்ரிபோர் போகும் சின்ன ரயில், அங்கிருந்து ப்யூல், மறுபடி ஒரு ரயில். ஸ்டேஷன் எதிரிலேயே பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. தங்கையின் முகம் அங்கேதான் மலர்ந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

சான் ஜெர்மான் கோட்டையில் எச். ஆர். கீகர் தனக்கென்றே வைத்த அருங்காட்சியகம் 1998-ல் திறந்தது. 'ஏலியன்' படத்து ஜந்துவைப் படைத்தவர், அதற்காக 1980-ல் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்த ஜந்துவுக்கு மூலம் 1976-ல் அவர் வரைந்த ஒரு ஓவியம். அது இடம்பெற்ற தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'நெக்ரோனோமிகான்', லவ்கிராஃப்ட் கற்பனை செய்த நூலின் பெயர். ஃபின்லேக்குக் கவிதை எழுதிய அதே லவ்கிராஃப்ட்தான். நேற்றைய அறையும் இன்றைய அறையும் இப்படிக் கைகோத்துக்கொண்டன.

கீகரின் புகழ்பெற்ற கருவி, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ். முன்வரைபடம் இல்லாமல் நேரடியாகத் தெளித்து வரைவார். அதற்கு முந்தைய காலத்தில் பல்துலக்கும் பிரஷ்ஷால் மை தெறிக்கவிட்டவர். பள்ளிக்கூடத்தில் அட்டைமேல் இலையை வைத்து, சீப்பில் பிரஷ்ஷைத் தேய்த்து நாம் எல்லோரும் செய்த அதே வேலை! எட்டி நின்றால் எலும்பும் குழாயும் ஒன்றாய் உருகிய வழவழப்பு. மூக்கு ஒட்டும் தூரத்தில் போனால் மண்துகள் மாதிரிப் புள்ளிகள். ஃபின்லே பேனாவால் எண்ணி வைத்ததை இவர் காற்றிடம் விட்டிருக்கிறார். உள்ளே வயது வந்தோருக்கு மட்டுமான ஓர் அறை உண்டு, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்கவும். மேல்தளத்தில் கீகர் ஆசைப்பட்டுச் சேர்த்த மற்றவர்களின் படங்கள்: எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ், டாலி இன்னும் பலர். என்னைக் கேட்டால் அந்த மாடியைத் தவறவிடக் கூடாது. ஒரு ஓவியர் யாரைப் பார்த்து வியந்தார் என்பதை அவரே சுவரில் மாட்டிக் காட்டுவது அபூர்வம்.

எதிரே கீகர் பார். முதுகெலும்பு வளைவுகள் கூரையாக ஓட, எலும்புக்கூட்டு நாற்காலியில் உட்கார்ந்து மெரெங்கும் (முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் இனிப்பு) கெட்டி க்ரீமும் சாப்பிட்டேன். தங்கையும் வந்து சேர்ந்தாள். நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: இவெர்தோனில் திங்கட்கிழமை திறப்பதில்லை. கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், சேகரிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே இருக்காது. முதலில் இவெர்தோன், பிறகு க்ருயேர் என்றே வரிசை வையுங்கள். பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். விலைகளை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், மெரெங்கு தொண்டையில் இறங்காது.