ரீப்ரோடெஸ்ட் ஒருவழியாகப் பச்சை காட்டியது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நான் பராமரிக்கும் சின்னப் பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) ஒன்று, சி மொழியில் எழுதிய கட்டளைவரி நிரல், நேற்று இரவு ரீப்ரோடெஸ்ட் என்ற சோதனையில் தேறிவிட்டது. ஒரே மூலநிரலை இரண்டு வேறு சூழல்களில் பில்டு செய்தும் (தொகுத்தும்) டெப் எனும் பொதிக் கோப்புகள் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாக வந்தன. பெரிய சந்தோஷம். லிண்டியன், பியூபார்ட்ஸ் போன்ற மற்றப் பொதிச் சோதனைகள் எல்லாம் எப்போதோ பச்சை. டெபியனின் மூலநிரல் தளமான சால்சாவில் இது மட்டும்தான் சிவப்பாக நின்று கண்ணை உறுத்தியது.

பில்டு நடக்கும் கோப்புறையின் பாதை பொதியில் பதியாமல் டிபிகேஜி பார்த்துக்கொள்கிறது, மிச்ச நேர முத்திரைகளை டெப்ஹெல்ப்பர் துடைத்துவிடுகிறது (இரண்டும் டெபியனின் பொதி கட்டும் கருவிகள்). இழுத்தடித்தது கோப்புகளும் பெயர்களும் வரும் வரிசை.

இரண்டு பில்டுகளின் வேறுபாடுகளைக் காட்டும் டிஃபாஸ்கோப் அறிக்கையைப் படித்துக் காரணத்தைப் பிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். நிரலில் ஒரு சரம் இடம் மாறினாலே பில்டு-ஐடி (நிரலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) மாறுகிறது. அது மாறினால் பிழை தேட உதவும் டீபக் பொதிக்குள் கோப்பின் பெயரே மாறிவிடும். அறிக்கை பக்கம் பக்கமாக நீளும், காரணம் எங்கோ அடியில் கிடக்கும். ரீப்ரோடெஸ்ட் சூழலில் செய்யும் எல்லா மாறுபாடுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆட்டோ-பில்டு விருப்பம் இதைத் தானே செய்யும் என்றாலும், கையால் செய்தால் எதைச் சந்தேகிப்பது என்று சீக்கிரம் பிடிபடுகிறது.

கோப்பு வரிசையை மட்டும் கலைத்தபோது முதல் திருடன் சிக்கினான். பில்டின் நடுவே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் செய்திக் கோப்புகளை குளோப் (பெயர் வடிவத்துக்குப் பொருந்தும் கோப்புகளைத் தேடும் செயற்கூறு) மூலம் திரட்டி சி அட்டவணையாக எழுதுகிறது. குளோப் எதையும் வரிசைப்படுத்தாது, கோப்பு முறைமை கொடுத்தபடியே தரும். வரிசைப்படுத்தும் சார்ட்டட் ஒன்று போட்டதும் சரியானது. பில்டு கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், கோப்புகளைத் திரட்டும் வைல்டுகார்டைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு தகவல்: மேக்ஃபைலை இயக்கும் ஜிஎன்யூ மேக் 3.82இல் அதன் விடையை வரிசைப்படுத்துவதை நிறுத்தினார்கள், 2020இல் வந்த 4.3இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இன்றைய டெபியனில் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அப்புறம் மொழிச்சூழல். வரிசைப்படுத்தும் ஷெல்லின் சார்ட் கட்டளை, சி என்ற அடிப்படை மொழிச்சூழலில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களை எல்லாம் முதலில் வைக்கும். ரீப்ரோடெஸ்ட் மாற்றிவைக்கும் பிரெஞ்சுச் சூழலில் பெரிது சின்னது பாராமல் அகரவரிசையில் கலக்கும். கைமுறைப் பக்கத்தின் தேதியிலும் மாதப் பெயர் பிரெஞ்சில் வந்து நின்றது! இரண்டு இடத்திலும் மொழிச்சூழலைத் தீர்மானிக்கும் எல்சி-ஆல் மாறியை சி என்று வைத்தேன். தேதியைக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் சோர்ஸ் டேட் எபோக் என்ற மாறியிலிருந்து எடுக்க வைத்தேன். அதை டிபிகேஜி-பில்டுபேக்கேஜ், பொதியின் மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாக்கின் கடைசிப் பதிவிலிருந்து தானே அமைத்துக் கொடுக்கிறது. டேட் கட்டளையில் யூடிசி (உலகப் பொது நேரம்) விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். நேர மண்டலச் சோதனையில் இரண்டு பில்டுகளுக்கும் 26 மணி நேர இடைவெளி, அந்த விருப்பம் இல்லாவிட்டால் தேதி கட்டாயம் வேறாகத்தான் வரும்.

கோப்பு வரிசையைக் கலைக்க டிஸ்ஆர்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வேண்டும், அதற்கு ஃபியூஸ் (கோப்பு முறைமையைச் சாதாரண நிரலாக ஓட்டும் வசதி) வேண்டும். வாடகைக்கு எடுத்திருந்த சர்வரின் கன்டெய்னரில் ஃபியூஸுக்கு அனுமதி இல்லை. விளம்பரத்தில் முழு ரூட் அதிகாரம் என்று போட்டு விற்றுவிட்டு, டிக்கெட் போட்டால் மேல் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். பொதி வேலைக்கு சர்வர் வாங்குபவர்கள் முதலில் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டுப் பழைய லேப்டாப்பில் பொதியைத் தனிச் சூழலில் கட்டும் எஸ்பில்டும், இறக்கிய பொதிகளைச் சேமித்துவைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியும் போட்டதும் வேலை ஓடியது. ஒருமுறை இறக்கிய பொதியை மறுபடி இறக்காது என்பதால் டேட்டாவும் மிச்சம்.

2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் பின்கதவு நுழைந்த விவகாரத்தை இந்தச் சோதனை தடுத்திருக்குமா என்று நண்பர் கேட்டார். தடுத்திருக்காது. அங்கே நஞ்சு வெளியீட்டு டார்பால் என்ற மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே இருந்தது. பில்டு செய்யும் கணினியில் யாராவது கைவைத்தால் மட்டுமே இது காட்டிக்கொடுக்கும். அதனால் அடுத்த பதிப்பிலிருந்து டார்பாலை விட்டுவிட்டு கிட் களஞ்சியத்தின் டேகிலிருந்து (பதிப்புக் குறி) மூலத்தை எடுக்கப் போகிறேன், புதிய பதிப்பைத் தேடும் வாட்ச் கோப்பை இப்போதே மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறுவிய பொதியைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்ட்டும் எழுத வேண்டும். அது தேறினால் டெபியனின் அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங் கிளைக்குள் போகக் காத்திருக்கும் 5 நாள் 2 ஆகக் குறையும்.

ஒட்டுகளை (நிரல் திருத்தங்களை) டெப்-3 என்ற டெபியன் வடிவத் தலைப்போடு மூல ஆசிரியருக்கு அனுப்பியாயிற்று. பைத்தான் ஒட்டை ஏற்றுக்கொண்டார். தேதி ஒட்டுக்குப் பதில் வரவில்லை. பிஎஸ்டி இயங்குதளங்களில் டேட் கட்டளையின் விருப்பங்கள் வேறு என்பதால் அதை அங்கேயும் ஓடும்படி எழுதிய பிறகுதான் எனக்காகப் பதிவேற்றும் உரிமை உள்ள ஸ்பான்சரிடம் பதிவேற்றம் கேட்க வேண்டும்.