மூன்று மொழி, ஒரு மேசை: நோர்வேயில் புதிதாகக் குடியேறுபவருக்கு

நோர்வேயில் மொழி வகுப்பை முடித்து வேலைக்குப் போகிறவர் முதல் வாரமே திணறுவது சக ஊழியர்களால்தான். பக்கத்து மேசையில் சுவீடன்காரர், தொலைபேசியில் டென்மார்க்காரர். இருவரும் தங்கள் தங்கள் மொழியிலேயே கதைப்பார்கள். நோர்வேஜியர் தன் மொழியில் பதில் சொல்வார். யாழ்ப்பாணத்தவரும் மதுரைக்காரரும் அவரவர் தமிழில் கதைத்துக்கொள்வதைப் பார்த்த நமக்கு இந்த வழக்கம் புதிதல்ல. நீங்களும் படித்த நோர்வேஜிய மொழியிலேயே நில்லுங்கள். சுவீடிஷ் சொற்களைக் கலந்தால் இரண்டும் கெடும். அயல்மொழி காதுக்கு விளங்கினால் போதும்.

ஒரே சொல் எல்லை தாண்டியதும் பொருள் மாறும் இடங்களில்தான் கவனம் வேண்டும். 'ரூலி' நோர்வேயில் அமைதி. அதே சொல் சுவீடனில் வேடிக்கை, மகிழ்ச்சி. 'ரார்' நோர்வேயில் விசித்திரம், சுவீடனில் அன்பான குணம். உங்கள் பிள்ளையைச் சுவீடன்காரர் அப்படிச் சொன்னால் அது பாராட்டு. 'ஃபுரூகொஸ்ட்' நோர்வேயில் காலைச் சாப்பாடு, டென்மார்க்கில் மதியச் சாப்பாடு. டென்மார்க்காரர் அந்தச் சொல்லோடு சந்திப்புக்கு அழைத்தால் நேரத்தை மறுபடி கேட்டுவிடுங்கள்.

எண்கள் இன்னும் கடினம். மணியிலிருந்து தொடங்கலாம். 'ஹல் த்ரே' என்றால் இரண்டரை. மூன்றாவது மணி பாதி கடந்திருக்கிறது என்பது கணக்கு. 'த்ரே' மூன்று என்பதால் மூன்றரை என்று எண்ணி ஒரு மணித்தியாலம் பிந்தி வருவது புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை. இந்தக் கணக்குப் பிடிபட்டால் டேனிஷ் எண்களும் திறக்கும். 'ஹல்த்ரெஸ்' என்பது மூன்றாவது இருபதில் பாதி, அதாவது இரண்டரை இருபது: 50. 'த்ரெஸ்' மூன்று இருபது: 60. 'ஹல்ஃபியெர்ஸ்' மூன்றரை இருபது: 70. 'ஃபியர்ஸ்' நான்கு இருபது: 80. 'ஹல்ஃபெம்ஸ்' நாலரை இருபது: 90. எழுபதும் எண்பதும் காதில் ஒன்றுபோல விழும். போதாததற்கு ஒன்றின் இடத்தை முதலில் சொல்வார்கள்: 75 என்பது 'ஐந்தும் எழுபதும்'. கேட்ட வரிசையிலேயே எழுதினால் 57 ஆகிவிடும். பொருட்களின் எண்ணிக்கை, மருந்தின் அளவு, விலை எதுவானாலும் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நோர்வேயிலும் 1951 வரை ஒன்றின் இடத்தை முதலில் சொல்வதே முறை. தொலைபேசி இலக்கங்கள் தவறியதால் அரசே மாற்றியது. வயதானவர்கள் இன்றும் பழைய முறையில் சொல்வார்கள்.

மூவரில் அயலவர் பேச்சை அதிகம் விளங்கிக்கொள்பவர் நோர்வேஜியர்தான். டென்மார்க்கோடு 1814 வரை நீடித்த பிணைப்பால் எழுத்துமொழி டேனிஷுக்கு நெருக்கம். ஒலி சுவீடிஷுக்கு நெருக்கம்.

இனிப் பகிடி. சுவீடன்காரரை 'இனிய சகோதரன்' என்று நோர்வேஜியர் சொல்வதில் பாசமும் குத்தலும் சேர்ந்தே இருக்கும். சுவீடன்காரரை மடையராக்கும் பகிடிகள் நோர்வேயில். அதே பகிடிகள் பெயர் மாறிச் சுவீடனில். இரு நாடுகளும் மோதும் பனிச்சறுக்கு அஞ்சலோட்டம் நடக்கும் நாளில் இந்தப் பகிடியில் நீங்களும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். நோர்வேயின் தேசிய நாளான மே 17இன் ஊர்வலங்களைக் காட்டி, சுவீடனின் தேசிய நாள் 2005 முதல்தான் விடுமுறை என்று சீண்டுவதும் வழக்கம். 1905இல் சுவீடனோடான ஒன்றியத்தை விட்டுப் பிரிவதற்கு 3,68,208 பேர் ஆதரவாகவும் வெறும் 184 பேர் எதிராகவும் வாக்களித்த கதையையும் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் அந்தப் பிரிவு முடிந்தது என்பதுதான் இன்றைய சீண்டலுக்கு இடம் தந்தது. நம்மவர்கள் இதை ஆழ்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டாம் உலகப் போரை மட்டும் பகிடிக்கு எடுக்காதீர்கள். நோர்வேயை ஆக்கிரமித்த ஜெர்மனியின் படையினர் 1940 முதல் 1943 வரை சுவீடன் ரயில்களில் போய்வந்தது இன்னும் வலிக்கிறது. பல்லாயிரம் நோர்வேஜிய அகதிகளுக்குச் சுவீடன் அடைக்கலம் கொடுத்ததும் அதே போரில்தான்.

சாமான் வாங்க எல்லை கடப்பதை இங்கே எல்லோரும் செய்வார்கள். ஒஸ்லோவிலிருந்து சுவீடன் எல்லையிலுள்ள ஸ்வினேசுண்ட் பாலம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். இறைச்சி, சீஸ் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 10 கிலோ கொண்டுவரலாம். உருளைக்கிழங்கு கூடாது. அளவு மீறினால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் பிடிபட்டால் தண்டம்.

நோர்டிக் நாட்டவர்கள் (நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்துக் குடிமக்கள்) 1950களிலிருந்து கடவுச்சீட்டும் வேலை அனுமதியும் இல்லாமல் இந்த எல்லைகளைத் தாண்டுகிறார்கள். இதை நம்பிச் சிலர் நோர்வே வதிவிட அனுமதியோடு சுவீடனில் வேலை தேடப் போய்விடுகிறார்கள். அந்த அட்டையோடு போய்வரலாம்: 180 நாட்களில் 90 நாள். சுவீடனின் வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. நோர்வேக் குடியுரிமை கிடைத்தால் அனுமதி இல்லாமலே அந்தக் கதவு திறக்கும். அப்போதும் ஒரு வருடத்துக்கு மேல் சுவீடனில் தங்குவதானால் அங்குள்ள வரித் திணைக்களத்தில் பதிந்து, புதிய அடையாள இலக்கம் எடுக்க வேண்டும்.