மிதிக்கவே வேண்டாம் என்றான்

அக்கா குடும்பம் காரைக்காலில் இருந்து, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் போய் 18 வருடம் ஆகிறது. வீடு மேற்குக் கரையில், சேன்-போலில். எரிமலை, சேன்-ஆந்த்ரேயில் இருக்கும் கொலோஸ் கோயில் என்று நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். அக்கா மகன் முதல் நாளே அதைக் கலைத்துவிட்டான். "மாமா, மைதோ உச்சியில இருந்து கடல் வரைக்கும் சைக்கிள்ல இறங்கலாம், வாங்க. மிதிக்கவே வேண்டாம்."

விடியும் முன்பே காரில் ஏறினோம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிடுமாம். மைதோ சுமார் 2,200 மீட்டர் உயரம், பல் கிட்டித்தது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே மஃபாத் பள்ளத்தாக்கு. அங்கே ஊர்கள் உண்டு, சாலை கிடையாது. நடந்துதான் போக வேண்டும், சாமான் ஹெலிகாப்டரில் வரும்.

பையன் எண்டூரோ பைத்தியம், அதாவது காட்டுப் பாதைப் பந்தயம். முழங்கால் கவசத்தை எனக்கு மாட்டிவிட்டபடியே பாடம் எடுத்தான். மோட்டார் சைக்கிள் எண்டூரோவில் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் மட்டுமல்ல, முந்திப் போனாலும் தண்டனை நேரம். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே தாலி கட்டினால் நம்மவர்கள் விடுவார்களா, அதே கதைதான். சைக்கிள் எண்டூரோவில் இறக்கங்களுக்கு மட்டும்தான் கடிகாரம் ஓடும், அந்த நேரங்களைக் கூட்டுவார்கள். மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது கணக்கில் வராது. மெகாவலான்ஷ் என்ற சைக்கிள் இறக்கப் பந்தயம் வேறு ரகம். 1995இல் ஆல்ப்ஸ் மலையில், ஆல்ப் டுவெஸ்ஸில் ஆரம்பித்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் மலையுச்சியில் இருந்து அவிழ்த்து விடுவார்கள். அதே பெயரில் இந்த மைதோவில் இருந்தும் கடலோரம் வரை பந்தயம் நடத்தியிருக்கிறார்கள்.

"மோட்டார் வண்டியிலயே இறங்கியிருக்கலாமே?" என்றேன். பிரெஞ்சுச் சட்டம் 1991இல் இருந்தே மோட்டார் வண்டிகளைப் பொதுப் பாதை தாண்டிக் காட்டுக்குள் விடுவதில்லையாம். சரி, சைக்கிள்தான்.

ஒரு பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்குகிறது. உட்காரக் கூடாது, பெடல் மேல் எழுந்து நின்று, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, ஒற்றை விரலால் பிரேக் பிடிக்க வேண்டும். 'தாமரின்' காடு வருகிறது என்றான். பெயரைக் கேட்டுப் புளியமரம் தேடினேன். பார்த்தால் அது வேலமரத்துக்குச் சொந்தம். காட்டுக்குள் ஈரமான வேர், கூரான எரிமலைக் கல். நான் பயந்துபோய் பிரேக்கை விடாமல் இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன். "விட்டு விட்டுப் பிடிங்க மாமா, சூடேறிடும்" என்று அவன் கத்தியது காதில் விழவில்லை. பாதி வழியில் பின் பிரேக் லிவர் கைப்பிடி வரைக்கும் இறங்கி வந்து ஒட்டிக்கொண்டது. தீய்ந்த நாற்றம் வேறு. வாடகைக்குக் கொடுத்தவர் கிளம்பும்போது "எல்லாம் புதுசு" என்று சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தால் பிரேக் பேட் தேய்ந்துபோய் தகடுதான் மிச்சம். அப்புறம் முன் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன், செங்குத்தான இடங்களில் தள்ளிக்கொண்டு. பெத்தித் பிரான்ஸ் என்ற ஊரில் ஜெரேனியம் எண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தது. அதற்குக் கீழே காடு போய்க் கரும்புத் தோட்டம், குளிர் போய் வியர்வை. வெறும் இறக்கத்துக்கு எனக்கு நாலு மணி நேரம். அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஃபோனை நோண்டிக்கொண்டு காத்திருந்தான்.

கால் வலிக்கவே இல்லை. முன்னங்கை இரண்டும் கல்லாக இறுகிப்போயின. கடற்கரையில் ஹெல்மெட் வாரைக்கூட அவன்தான் கழற்றிவிட்டான்.

மதியம் அக்கா சோறும் மீன் குழம்பும் போட்டாள். சோற்றை அள்ளினால் விரல் மடங்கவில்லை. ஸ்பூன் தட்டிலேயே விழுந்தது. "மிதிக்கவே வேண்டாம்னு சொன்னானா?" என்று மகனை ஒரு முறை முறைத்துவிட்டு, பிசைந்து உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தாள். எனக்கு 43 வயது. அந்தப் பயல் அதையும் வீடியோ எடுத்துவிட்டான்.