சலூன் கண்ணாடியில் சிலுக்கு

தலைக்குத் தண்ணீர் அடிக்கும் முன் சலூன் அண்ணன் இடது கையால் கண்ணாடியின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டார்.

அந்த மூலையில் சில்க் ஸ்மிதா.

பழைய சினிமாப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம். ஓரமெல்லாம் பழுப்பு. எப்போதோ ஒரு துளி தெறித்துக் கன்னத்தில் மை கரைந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்தக் கை மறைப்பாம்.

"ஏன் அண்ணன், இன்னும் வச்சிருக்கிறீங்க?"

"உப்புவெளியில வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவம் தம்பி. மூன்றாவது படத்தில எல்லாரும் நித்திரை. இவ வந்தா ஒருத்தரும் படுத்திருக்க மாட்டாங்கள்."

ஆந்திராவில் பிறந்த விஜயலட்சுமி. 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் ஏற்ற வேடத்தின் பெயர் சிலுக்கு. அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

அடுத்த வருடமே 'அலைகள் ஓய்வதில்லை'. தியாகராஜனின் மனைவியாக, ஆட்டம் எதுவும் இல்லாத வேடம். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு அதுதான். சரி, அதற்குப் பிறகாவது அப்படி வேடங்கள் கொடுத்தார்களா? பெரும்பாலும் ஒரு பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். படப்பெட்டி விற்க அவர் வேண்டும், கதைக்கு வேண்டாம்.

1996 செப்டம்பரில் போனபோது 36 வயதுகூட நிறையவில்லை.

கண்ணாடியில் ஒட்டிய படத்திலும் அவர் நேரே பார்க்கிறார். வெட்கப்படுகிற பார்வை கிடையாது. முடி வெட்டி முடியும்வரை நான்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

பின்னால் வாங்கில் போன் நோண்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன் எட்டிப் பார்த்தான்.

"இவவைத் தெரியும். ரீல்ஸ்ல வாறவ."

அண்ணன் கத்தரியை நிறுத்தி அவனை ஒருமுறை பார்த்தார்.

"அடுத்தது நீதான். வந்து இரு."